பெந்தோட்டைக்குப் போனால் லுணுகங்கவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

பெந்தோட்டைப் பயணம் என்றால் கடற்கரை, மாதுகங்கைப் படகு, கொஸ்கொட ஆமைகள் என்று திட்டம் போடுவார்கள். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று கடைசியில் சேர்ப்பது லுணுகங்க. அதை முதலில் வைத்து மற்றதையெல்லாம் அதற்கேற்ப ஒதுக்குவதுதான் சரி. இலங்கையின் தென்மேற்குக் கரையில் வீடும் தோட்டமும் நீரும் இவ்வளவு யோசித்து ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட இடம் வேறில்லை.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் ஊர்ப்புற வீடு இது. 1948இல் அவர் இதை வாங்கியபோது கவனிப்பாரற்றுக் கிடந்த ரப்பர் தோட்டம், நடுவில் ஒரு சாதாரண பங்களா. அப்போது அவர் சட்டத்தரணி. மனதிலிருந்த தோட்டத்தை நிலத்தில் கொண்டுவரத் தனக்குத் தொழில்நுட்ப அறிவு போதாது என்று உணர்ந்துதான் லண்டனுக்குப் போய்க் கட்டடக்கலை படித்தார். 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. பிறகு கோட்டே நாடாளுமன்றம், கந்தலம ஹோட்டல் என்று எவ்வளவோ கட்டினாலும், 2003 மே மாதம் இறக்கும்வரை இந்தத் தோட்டத்தில் கை வைப்பதை அவர் நிறுத்தவில்லை. இங்குள்ள கறுவா மேட்டில்தான் அவரைத் தகனம் செய்தார்கள். இப்போது இடம் லுணுகங்க அறக்கட்டளையிடம் இருக்கிறது. தங்கும் விடுதியாகவும் நடக்கிறது, நேரம் குறித்த வழிகாட்டிச் சுற்றுகளும் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது பூந்தோட்டம் அல்ல. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் நினைப்போடு வருகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பாத்தி கட்டிய ரோஜா கிடையாது, செடிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அநேகமாக முழுவதும் பச்சை. அதில் நிழலின் அடர்த்தி, புல்லின் சரிவு, நீரின் ஒளி, எங்கோ ஒரு சாடி, ஒரு சிலை. ‘என்ன இருக்கிறது’ என்று கேட்டுக்கொண்டே நடந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். ‘இங்கே நின்றால் கண் எங்கே போகிறது’ என்று பார்த்தால்தான் இது பிடிபடும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு முதல் பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள்.

இடத்தின் அமைப்பு தெரிந்திருந்தால் சுற்று நன்றாக விளங்கும். தெத்துவ ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் இரண்டு தாழ்ந்த மேடுகள். வடக்கு மேட்டில் வீடு, தெற்கு மேடு கறுவா மேடு. வீட்டுக்கு வடக்கே மொட்டைமாடி போன்ற திறந்த வெளி; அதன் விளிம்பிலிருந்து நிலம் சரிந்து ஏரிக்கு இறங்குகிறது. கீழே நெல்வயலும், வண்ணத்துப்பூச்சி வடிவில் வெட்டிய குளங்களும். தெற்கே புல்வெளி தாழ்ந்து, மீண்டும் உயர்ந்து, கறுவா மேட்டின் முதுகைத் தாண்டி ஏரியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மொத்தத் தோட்டத்துக்கும் முதுகெலும்பு இந்தத் தெற்குக் காட்சிதான்.

அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டின் தெற்குத் திண்ணையிலிருந்து நேரே நோக்கினால், மேட்டின் உச்சியில் ஒரு மகிழ மரம், அதன் அடியில் ஒரு பழைய சீனச் சாடி. சாடிக்கு அப்பால் ஏரி. ஏரிக்கும் அப்பால் கட்டகுளிய பௌத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் (தூபி). இது தற்செயலாக அமைந்ததல்ல. தொடக்கத்தில் மேடு உயரமாக இருந்து நீரையும் விகாரையையும் மறைத்தது. பாவா மேட்டின் தலையைச் சீவி இறக்கினார், நடுவே நின்ற மரங்களை அகற்றினார். பிறகு கண் வழியில் தங்கிப் போகட்டும் என்று சாடியை வைத்தார். சாடி இல்லாமல் பார்த்தால் தாதுகோபம் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. சாடி இருப்பதால் திண்ணை, மேடு, நீர், விகாரை நான்கும் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன. அந்த விகாரை தோட்டத்துக்குச் சொந்தமானதல்ல, ஏரியும் அல்ல. ஆனால் திண்ணையில் உட்கார்ந்தால் எல்லாமே வீட்டு முற்றம்போலத் தெரியும்.

இன்னொரு நுணுக்கத்தை அநேகர் தவறவிடுகிறார்கள். இரண்டு மேடுகளுக்கும் இடையே ஊர்க்காரர்கள் போகவர ஒரு பாதை இருக்கிறது. திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியாது. புல்வெளி ஒரே வீச்சில் போவதாகத்தான் படும். பாதை பள்ளத்தில் தாழ்ந்து ஓடுவதே காரணம். பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றால்தான் தந்திரம் புரியும். மதிலோ வேலியோ போட்டிருந்தால் தெற்குக் காட்சி அங்கேயே அறுந்திருக்கும். வழிகாட்டியிடம் கேட்டு அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, திரும்பவும் திண்ணைக்கு வந்து அதே காட்சியை இன்னொரு முறை பாருங்கள்.

வடக்கு மேடையிலுள்ள ஈழத்தலரி மரத்தையும் அருகில் போய்ப் பார்க்கலாம். கிளைகள் மேலே போகாமல் குடைபோலத் தாழ்ந்து பக்கவாட்டில் விரிந்திருக்கும். இளங்கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் வளைத்து, வேண்டாததை வெட்டி உருவாக்கிய வடிவம் அது. கிளை கணுவுக்குக் கணு திரும்பியிருக்கும் விதத்தில் கை பட்ட இடங்கள் தெரியும். நட்டதைவிட நீக்கியதாலேயே இந்தத் தோட்டம் உருவானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இப்படிப்பட்ட தோட்டத்தில் பராமரிப்பு என்பதே ஓயாமல் வெட்டுவதுதான். ஈரவலயக் காட்டில் இரண்டு மழைக்காலம் கத்தி படாமல் விட்டால் கறுவா மேடு பழையபடி மூடிக்கொள்ளும், தாதுகோபம் மறைந்துவிடும். நுழைவுக் கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் இந்தக் கூலியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தோட்டத்தில் அங்கங்கே இருக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மணி. பாவா நாளின் ஒவ்வொரு நேரத்தையும் ஒவ்வொரு இடத்தில் கழிப்பார். மணிகளின் ஓசை வேறுவேறு என்பதால், எந்த மணி அடிக்கிறது என்று கேட்டே பணியாளர்கள் தேநீரை எங்கே கொண்டுபோவது என்று தெரிந்துகொள்வார்களாம். வேடிக்கைக் கதையாக இதைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். உண்மையில் இந்த இருக்கைகள்தான் தோட்டத்தைப் பார்ப்பதற்கான வழிகாட்டி. எங்கே கல்லிருக்கை இருக்கிறதோ அங்கிருந்து பார்க்கவே அந்தக் காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. நின்றபடி பார்ப்பதற்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். உட்காரும்போது கண்மட்டம் தாழ, புல் சரிவு முன்னால் வந்து, இடையில் வரும் தேவையற்றவை மறைந்துவிடும்.

இங்கேதான் சுற்றின் குறையும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முழுத் தோட்டத்தையும் காட்டிவிடுகிறார்கள். உட்கார்ந்து பார்க்க அது போதாது. குழு பெரிதாக இருந்தால் இன்னும் அவசரம். இதற்கு மூன்று வழி உண்டு. பணம் இருந்தால் ஓர் இரவு தங்குவது. பகல் சுற்றுக்காரர்கள் போனபின் தோட்டம் தங்குகிறவர்களுக்கே. அடுத்தது, முன்கூட்டியே சொல்லி மதிய உணவுக்கோ மாலைத் தேநீருக்கோ இடம் பிடிப்பது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அசைபோட நேரம் கிடைக்கும். எதுவும் முடியாவிட்டால் வாரநாளில் காலை முதல் சுற்றில் போய்விடுங்கள். அப்போது ஆள் குறைவு, வழிகாட்டிக்கும் களைப்பில்லை, கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

ஒளியைப் பொறுத்தும் காலைதான் நல்லது. டிசம்பர், ஜனவரியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குக் காட்சியை அந்நேரம் படமெடுத்தால் எதிர்வெளிச்சத்தில் மேடு கறுத்து, வானம் வெளுத்து, தாதுகோபம் அதில் கரைந்துபோகும். வடக்குப் பக்கம் ஏரிக் காட்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. முந்தின இரவு மழை பெய்து காலையில் வெளுத்திருந்தால் அது பொன்னான நாள்: காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், மறுகரை துல்லியமாகத் தெரியும்.

வீட்டுக்குள்ளே எல்லா அறையையும் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். விருந்தினர் தங்கும் அறைகள் மூடியிருக்கும். ஆனால் வெளியே இருந்தே பார்க்க வேண்டியவை நிறைய. பழைய மாட்டுத் தொழுவம் ஓவியக் கூடமானது, கோழிக்கூட்டுக்குக்கூடக் கொடுத்த கவனம், சாடிகள் பரப்பி வைத்த வெளி, ஏரிக்கரைச் சிறுத்தைச் சிலை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கலாம். சிலைகளில் விலையுயர்ந்தவை எவை என்று தேடிப் பயனில்லை. சாதாரண சிமெந்து உருவமும் பழம்பொருளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இடம் சரியாக இருக்கிறதா என்பதுதான் இங்கே கணக்கு.

தோட்டத்தை ஒட்டியே இருக்கும் ‘ஐந்தாம் இலக்க’ வீட்டைத் தவறவிடாதீர்கள். பதிக் (மெழுகிட்டுச் சாயமேற்றும் துணி) கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்ஃபிரட் பிளேசில் பாவா கட்டிய வீடு அது. நடு முற்றத்தைச் சுற்றி அறைகள், ஆழ்ந்த தாழ்வாரம், உட்பக்கம் நோக்கிய வாழ்க்கை. நம்மூர் நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும் அமைப்பு. கொழும்பில் நிலம் கைமாறி வீடு இடிபட இருந்தபோது, கல், ஓடு, தூண், கதவு என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுக் கழற்றி, இங்கே கொண்டுவந்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். 2016இல் வேலை முடிந்தது. இதற்குத் தனிச் சுற்று, தனிப் பதிவு. தோட்டச் சுற்றுக்குப் பதிவு செய்யும்போதே இதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலில் வந்து கேட்டால் விருந்தினர் தங்கியிருப்பதைக் காரணம் காட்டி இல்லை என்று சொல்ல வாய்ப்புண்டு.

போகும் வழி. கொழும்புக் கோட்டையிலிருந்து கரையோர ரயிலில் அளுத்கமவில் இறங்குவதே வசதி. காலி, மாத்தறைக்குப் போகும் விரைவு ரயில்களில் பல அங்கே நிற்கும். பெந்தோட்டை நிலையத்தில் நிற்பவை குறைவு. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், ஆகவே வலப்பக்க ஜன்னல். அளுத்கம நிலையத்தில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். ஒருவழிக்கு மட்டும் பேசிவிடாதீர்கள்: தோட்டம் உள்ளூர்ப் பாதையின் கோடியில் இருக்கிறது, திரும்பிவர வெறும் ஆட்டோ அந்தப் பக்கம் வராது, தொலைபேசி அலையும் சில இடங்களில் தடுமாறும். காத்திருப்பையும் சேர்த்துப் போகவர ஒரே தொகை பேசிக்கொண்டு ஏறுங்கள். ‘லுணுகங்க’ என்றால் சில ஓட்டுநர்கள் ஆற்றுப் படகுத்துறைக்குக் கொண்டுபோவார்கள். ‘தெத்துவ, பாவா வத்த’ என்று சொன்னால் குழப்பம் வராது.

காரில் வருகிறவர்கள் தெற்கு அதிவேகப் பாதையில் வெலிப்பென்னவில் இறங்கி அளுத்கம பக்கம் திரும்பலாம். காலி வீதி வழியாக வந்தால் கொழும்பிலிருந்து அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் பாணந்துறையும் களுத்துறையும் நேரத்தைத் தின்றுவிடும். போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், அளுத்கமவிலுள்ள கந்தே விகாரைக்குக் கூட்டம் குவியும்; அன்று எந்த வழியிலும் அவகாசம் வைத்துப் புறப்படுங்கள். தோட்டத்துப் பாதை கடைசியில் ஒடுங்கிவிடும். பெரிய வான், பஸ் என்றால் எங்கே நிறுத்துவது என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சுற்று நேரத்துக்குக் கால் மணி முன்னால் வாசலில் இருங்கள். பிந்தினால் குழு கறுவா மேட்டை நோக்கிப் போயிருக்கும், தெற்குக் காட்சிக்கான விளக்கத்தைத் தவறவிடுவீர்கள். அதைத் தவறவிட்டால் மிச்சம் அத்தனையும் சாதாரண தோட்டமாகிவிடும்.

காலணி முக்கியம். செம்பூரான்கல் படிகள், பாசி ஏறிய சிமெந்து, ஈரப் புல். வழவழப்பான அடிப்பாகம் உள்ள செருப்பு மழைக்குப்பின் வழுக்கும். படிகளுக்குக் கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துவந்தால் வீட்டு மேடையையும் தெற்குத் திண்ணையையும் மட்டும் பார்க்கச் செய்து, நெல்வயல் பக்கம் இறக்காமல் விடலாம். முக்கியமானதை அவர்கள் இழக்கமாட்டார்கள். சக்கர நாற்காலிக்கு ஏற்ற இடமல்ல. சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். குளங்களுக்கும் ஏரிக்கும் தடுப்பு கிடையாது, கரையில் கபரகொய்யாவும் (பெரிய நீருடும்பு) உலாவும்.

நுளம்பு பகலிலும் கடிக்கும். டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பதுதான், அதனால் நுளம்புத் தைலம் பூசிக்கொண்டே உள்ளே போங்கள். வியர்த்தால் கழுவுப்பட்டுவிடும், நடுவில் ஒருமுறை மறுபடி பூச வேண்டும். தண்ணீர்ப் போத்தல் அவசியம். குடையைவிட மழையங்கி வசதி. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் குடையோடு நடக்க முடியாது.

பருவம்: டிசம்பர் முதல் மார்ச் வரை வானமும் கடலும் அமைதி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று; கடலில் இறங்க முடியாது, அலை ஆளை இழுத்துவிடும். ஆனால் தோட்டத்துக்கு அது கெட்ட காலமல்ல. பச்சை ஆழமாக இருக்கும், கூட்டம் குறையும், அறை வாடகையும் இறங்கும். மழை பெரும்பாலும் கொட்டிவிட்டு வெளுக்கும். நாள் முழுக்க விடாமல் பெய்யும் மழை வந்தால் மட்டும்தான் பதிவை மாற்ற முயல வேண்டும்.

அரை நாள் மிஞ்சினால் ‘பிரீஃப் கார்டன்’ போங்கள். ஜெஃப்ரியைவிடப் பத்து வயது மூத்த அண்ணன் பெவிஸ் பாவாவின் தோட்டம், 1929இல் தொடங்கியது. ஆறடி ஏழங்குல உயரம், இலங்கை ஆளுநர்கள் நால்வருக்கு மெய்க்காப்பு அதிகாரி, பிறகு முழுநேரத் தோட்டக்காரர். தம்பிக்குத் தோட்ட ஆசை வந்ததே இதைப் பார்த்துத்தான் என்பார்கள். இது முற்றிலும் வேறு குணம். லுணுகங்க திறந்து விரிகிறது. பிரீஃப் மூடிக்கொண்டு வளைகிறது. மூங்கிலுக்குள் புகுந்தால் படிக்கட்டு, படிக்கட்டு முடிந்தால் ஒரு குளம், குளத்தைச் சுற்றினால் எதிர்பாராத சிலை. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் நடப்பதே இங்குள்ள சுகம். வீட்டுக்குள் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் தீட்டிய பெரிய சுவரோவியம் இருக்கிறது. நிர்வாணச் சிலைகளும் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போகலாம். வழிகாட்டியின் அவசரம் இல்லை, நீங்களே சுற்றலாம். பிள்ளைகளுக்கு லுணுகங்கவைவிட இதுதான் பிடிக்கும்.

பிரீஃப் இருப்பது களவிலவில், அளுத்கமவிலிருந்து தர்கா நகர் வழியாக உள்ளே போக வேண்டும். தர்கா நகரில் தமிழிலேயே வழி கேட்கலாம், சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காலையில் லுணுகங்க, தர்கா நகரில் சாப்பாடு, மூன்று மணிக்குள் பிரீஃப் என்று வைத்தால் ஒரே ஆட்டோவில் நாள் சரியாக முடியும். மாதுகங்கைப் படகையும் அதே நாளில் திணிக்கக் கூடாது. அது பலபிட்டியில், எதிர்த் திசை.

பெந்தோட்டையிலேயே தங்குகிறவர்கள் மாலையில் பெந்தோட்டை பீச் ஹோட்டலில் ஒரு தேநீர் குடிக்கலாம். 1960களின் இறுதியில் பாவா கட்டியது. அண்மையில் பெருமளவு திருத்திக் கட்டப்பட்டிருக்கிறது. வரவேற்புக் கூடத்தில் தலைநிமிர்ந்து பாருங்கள். ஏனா டி சில்வாவின் பதிக் துணிகளால் ஆன கூரையை மறுபடி உருவாக்கி வைத்திருக்கிறார்கள். களுத்துறையிலுள்ள ரிச்மண்ட் மாளிகையும் வீடும் தோட்டமுமாக ஒரு இடந்தான், பார்க்கலாம். ஆனால் இதே நாளில் அவசரமாகச் சேர்க்கும் அளவுக்கு இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொழும்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, 33ஆம் ஒழுங்கையிலுள்ள பாவாவின் நகர வீட்டையும் முன்பதிவு செய்து பார்க்கலாம். அங்கே செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன. மதுரை கிளப்பைக் கட்டியவரும் இவரே. இவருடைய பெரும் கட்டடங்களில் நீண்டகாலம் தொழில் பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் தமிழர். லுணுகங்கவுக்கு முன்னால் அந்த நகர வீட்டைப் பார்த்துவிட்டால், நெருக்கமான இடத்தில் முற்றங்களால் வெளிச்சம் கொண்டுவந்த அதே கை, பரந்த இடத்தில் என்ன செய்தது என்பது தெளிவாகத் தெரியும்.

திரும்பும் ரயிலுக்கு இடப்பக்க ஜன்னல். ஞாயிறு மாலை காலியிலிருந்து வரும் ரயில்கள் அளுத்கமவுக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். அன்று திரும்புவதானால் சில சமயம் அளுத்கமவிலிருந்தே புறப்படும் மெதுவான ரயிலில் ஏறுங்கள். நேரம் கூடினாலும் உட்கார இடம் கிடைக்கும்.